மாரப்பன் வாங்கிய செவலைக் கார்

சாலிக்காட்டுப்புதூர்க்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். மூளை எல்லோரிடமும் இருந்தது. நல்ல பொருளை எடுத்துத் தேய்த்துவிடக் கூடாது என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் மாரப்பனுக்குப் பெண் அமையாமலே வயது போய்க்கொண்டிருந்தது. மாடு வளர்க்கிறவனுக்குப் பெண் தர ஆளில்லை. போன வீடுகளில் எல்லாம் பஜ்ஜி கொடுத்தார்கள், பெண் கொடுக்கவில்லை. கடைசியாக வெள்ளைக்கரட்டில் சுகந்தி என்ற பெண் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததால் சிரித்தாள் என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் அவனுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று இருவரையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அனுப்பினார்கள். அவள்தான் பேசினாள்.

"எனக்குப் பெருசா ஆசையெல்லாம் இல்லீங்க. வேகமா போற கார்ல ஒருக்கா போகோணும். ரேஸுக்கு உடற மாதிரிக் காரு. நிச்சயத்தன்னிக்கு அதுல வந்து, என்னையும் கூட்டிக்கிட்டு எங்கூரு மாரியாத்தா கோயில் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வாங்க. அப்பறம் காலம் பூரா உங்க கட்டுத்தறியில சாணி அள்ளச் சொன்னாலும் அள்ளறேன்."

வராவிட்டால் என்ன என்று மாரப்பன் கேட்டான். வராவிட்டால் அத்தை மகன் ஒருத்தன் திருப்பூரில் காத்துக்கொண்டிருக்கிறான், அவனிடம் பைக் இருக்கிறது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

காசுக்குக் குறைவில்லை. பைபாஸ் ரோட்டுக்குப் போன நிலத்துக்கு சர்க்கார் கொடுத்த பணம் அப்படியே கிடந்தது. கார்தான் தெரியாது. மாரப்பன் தன் தாய்மாமன் பெரியதம்பியிடம் போய் நின்றான். பெரியதம்பி மாமா மாட்டுத் தரகர். அவர் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிய மாடு எதுவும் சோடை போனதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

டிராக்டர் மெக்கானிக் யூசுப் பாய் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். கோயம்புத்தூரில் மில்காரர் மகன் ஒருத்தன் வெளிநாடு போகிறான், ரேஸ் கார் மாதிரி ஒன்றை விற்கிறான் என்று விலாசம் தந்தவர் அவர்தான். கூட வர முடியாததால் போனிலேயே விவரம் சொன்னார். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடு பண்ணி வைத்திருந்தால் ஏதோ கோளாறை மறைக்கிறான். அடியில் ஆயில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மேலெல்லாம் காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டாத இடத்தில் அடிபட்டு, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறது. வெள்ளைப் புகை வந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போகிறது. திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்துவிட வேண்டும்.

"நான் சொன்னத மட்டும் செய்யுங்க. சொந்தமா யோசிக்காதீங்க" என்று முடித்தார். யோசிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். அவர்களால் காப்பாற்ற முடிந்த வாக்கு அது.

இவ்வளவையும் ஒரே தலையில் ஏற்ற வேண்டாம் என்று மாமா ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தார். குளிர்ச்சி நஞ்சப்பனுக்கு, சொட்டு ஆறுச்சாமிக்கு. இருவரும் மாரப்பனின் கூட்டாளிகள். புகை மாரப்பனுக்கு. காந்தம் மாமாவுக்கு. ஒருவன் பங்கை இன்னொருவன் நினைக்கவே கூடாது, நினைத்தால் கலந்துவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் காலையில், மாடு ஏற்றுகிற டெம்போவில் புறப்பட்டார்கள். வழியில் மீன் மார்க்கெட்டில் நிறுத்தி, நஞ்சப்பன் ஐஸ் பார்களைச் சாக்கில் சுற்றி ஏற்றிக்கொண்டான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அது அவன் பங்கு.

கார் சிவப்பாக, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மாமா அதைச் சுற்றி வந்தார்.

"செவலை" என்றார். "படுத்திருக்குதே, எந்திரிக்குமா?"

அது உயரமே அவ்வளவுதான் என்று மில்காரர் மகன் ப்ரணவ் சொன்னான். நல்ல பையன். அன்று சாயந்தரமே அவனுக்கு விமானம். அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

மாமா மடியிலிருந்து காந்தத்தை எடுத்தார். கோயில் நோன்பு விழாவுக்கு மைக் செட் போடுகிறவரிடம் ஓட்டை ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கி வாங்கியது. கதவில் வைத்தார், விழுந்தது. மூக்கில் வைத்தார், விழுந்தது. முதுகில் வைத்தார், வழுக்கிக்கொண்டு போய் மறுபக்கம் விழுந்தது. வண்டி முழுக்கப் பட்டி என்று அறிவித்தார்.

ப்ரணவ் பதறிப்போய், இந்த மாதிரிக் கார்களை இரும்பில் செய்வதில்லை, எடை குறைய வேண்டும் என்று வேறு என்னவோ பொருளில் செய்கிறார்கள் என்றான். மாமா நேராகப் போய்த் தாங்கள் வந்த டெம்போவில் காந்தத்தை வைத்தார். பக்கென்று ஒட்டியது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் பிரிக்க முடிந்தது.

"மாப்ள, இதத்தான நாம வாங்கோணும்" என்றார். டெம்போக்காரரிடம் விலை கேட்டார். ஓனரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார் அவர். நஞ்சப்பனும் ஆறுச்சாமியும் டெம்போவின் நிறம், உயரம், சங்கிலி எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். மாடும் ஏற்றலாம், பெண்ணையும் ஏற்றலாம்.

சுகந்தி டெம்போவைப் பார்த்ததும் திருப்பூருக்குப் போன் போடுவது போல ஒரு காட்சி மாரப்பன் கண்ணில் வந்தது. "மாமா, செவலையவே பார்க்கலாம்" என்று கெஞ்சினான். மாமாவுக்கு மனசில்லை. ஆனாலும் மருமகன் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார்.

அடுத்தது நஞ்சப்பன். முன்பக்கத்து மூடியைத் திறக்கச் சொன்னான். உள்ளே காலியாக இருந்தது. நால்வரும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள். இழவு வீட்டில் பேசுகிற குரலில் மாமா கேட்டார்.

"இன்ஜின் எங்க தம்பி?"

"பின்னாடி இருக்கு சார்."

"எப்பத்திலிருந்து?"

"செஞ்சதே அப்படித்தான்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வண்டிக்கு முன்னால் மாட்டைப் பூட்டுவதுதான் உலகத்தில் வழக்கம், பின்னால் பூட்டி யாரும் பார்த்ததில்லை என்றார். அப்படியானால் இது இழுக்கிற மாடில்லை, தள்ளுகிற மாடு என்றான் ஆறுச்சாமி.

"தள்ளற மாட்டுக்கு முன்னால வர்ற பள்ளம் எப்படிறா தெரியும்?" என்றார் மாமா.

யாருக்கும் தெரியவில்லை. ப்ரணவுக்கும் தெரியவில்லை. கடைசியில், இன்ஜின் பின்னால் இருக்கக் கூடாது என்று பாய் சொல்லவில்லையே என்று நஞ்சப்பன் எடுத்துக் கொடுத்தான். பாய் சொல்லாதது குறை ஆகாது என்று முடிவாயிற்று.

நஞ்சப்பன் பின்பக்கத்து மூடியைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பார்த்தான். ஒரு வாரமாக எடுக்கவே இல்லை, ஜில்லென்றுதான் இருக்கும் என்றான் ப்ரணவ். சுடவில்லை, ஆனால் குளிரவும் இல்லை என்பது நஞ்சப்பனின் தீர்ப்பு. ப்ரணவ் கார் பேப்பர்களை எடுக்க வீட்டுக்குள் போய் வருவதற்குள், ஐஸ் பார்களை இன்ஜின் மேல் அடுக்கிச் சாக்கைப் போட்டு, மூடியைச் சாத்திவிட்டான்.

அதே நேரத்தில் ஆறுச்சாமி தன் பங்கைச் செய்வதற்காகக் காருக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாக்கப் படுத்திருந்தான். மேலே நடப்பது அவன் பங்கல்ல. சற்றுப் பொறுத்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சொட்டுது மாமா."

"ஆயிலா?"

சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது. "வழவழப்பு இல்ல. மத்தி மீன் வாசம் அடிக்குது."

மாமா ப்ரணவைப் பார்த்தார். "மீன் எண்ணெயிலயா தம்பி ஓடுது?"

மீன் எண்ணெய் உடம்புக்கு நல்லது, ஆசுபத்திரியில் சவலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள் என்று நஞ்சப்பன் சொன்னான். வண்டி இவ்வளவு மினுமினுப்பாக இருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மீன் எண்ணெய் சொட்டினால் வாங்கக் கூடாது என்றும் பாய் சொல்லவில்லை. அந்தக் கண்டமும் தாண்டியது.

ப்ரணவ் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான்.

அந்தச் சத்தத்தை மாரப்பன் அதற்கு முன் கேட்டதில்லை. நெஞ்சுக்குள் யாரோ உறுமியது போல இருந்தது. இதைக் கேட்டால் சுகந்தி சிரிப்பாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பொத்தானுக்காக இல்லாமல் அவனுக்காகவே சிரிப்பாள். அவன் கண் கலங்கி நின்றபோது, சூடேறிய இன்ஜின் மேல் ஐஸ் உருகி, பின்பக்கத்திலிருந்து வெள்ளை வெளேரென்று புகை கிளம்பியது.

புகை அவன் பங்கு. வாக்கு வாக்குதான். மாரப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினான். தெருவைத் தாண்டி, பேக்கரியைத் தாண்டி, அழுதுகொண்டே ஓடினான். கல்யாணம் போயிற்று, சுகந்தி போனாள் என்று ஒவ்வொரு அடிக்கும் நினைத்துக்கொண்டான். ரயில்வே கேட் மூடியிருந்ததால் நின்றான். நின்ற இடத்தில்தான் ஒன்று புலப்பட்டது. பாய் ஓடச் சொன்னாரே தவிர, திரும்பி வரக் கூடாது என்று சொல்லவில்லை. வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினான்.

அவன் வந்து சேர்ந்தபோது ஐஸ் முழுக்க உருகி, புகை அடங்கியிருந்தது. "எங்கடா போன?" என்றார் மாமா. ஓடிவிட்டு வந்ததாகச் சொன்னான். சரி என்றார்.

ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று ப்ரணவ் கேட்டான். மாமாவுக்கு அது முறைகேடாகப் பட்டது. விற்கிறவன் நடத்திக் காட்ட வேண்டும், வாங்குகிறவன் தள்ளி நின்று நடையைப் பார்க்க வேண்டும். எனவே ப்ரணவ் பக்கத்து மைதானத்தில் காரை ஓட்டிக் காட்டினான். நால்வரும் வரிசையாக நின்று பார்த்தார்கள். பின்னங்காலைச் சாய்க்கவில்லை, நொண்டவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்கு வந்தது. மருளுகிற மாடு, ஆனால் சுத்தமான மாடு என்றார் மாமா.

விலை பேசும்போது மாமா துண்டைப் போட்டு மூடி, ப்ரணவின் விரல்களைப் பிடித்தார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற சந்தை வழக்கம் அவனுக்குத் தெரியாது. பெரியவர் ஆசீர்வாதம் செய்கிறார் போலிருக்கிறது என்று அவனும் அவர் விரல் ஐந்தையும் சேர்த்து இறுக்கப் பிடித்துக் குலுக்கினான். மாமா முகம் வெளுத்துத் துண்டை விலக்கினார். இவ்வளவு அழுத்தமான ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்றார். ப்ரணவ் வாயால் சொன்ன விலை அதைவிடக் குறைவாக இருந்தது. துண்டுக்கடியில் பேசியது பேசியதுதான் என்று மாமா அதிகம் கொடுத்தார்.

பணமும் பேப்பரும் கை மாறின. கார் மட்டும் உறுமிக்கொண்டே நின்றது. ப்ரணவ் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். மாமா நெருப்பைக் கண்டவர் போலப் பின்வாங்கினார்.

"அது வேண்டாம் தம்பி. கவுறு விக்கறவங்களோடது."

"கயிறு இல்ல சார், சாவி."

"உங்களுக்குச் சாவி. இதோட மூக்கணாங்கவுறு அது. மாட்டை வித்தாலும் கவுத்தைக் குடுத்து அனுப்பற வழக்கம் எங்க பக்கம் இல்ல. அதுகூட உங்க ஊட்டு லட்சுமியும் வந்துருவா. அந்தப் பாவம் எங்களுக்கு எதுக்கு? வாங்கறவன் புதுக் கவுறு கொண்டாரோணும். கொண்டாந்திருக்கறேன்."

டெம்போவிலிருந்து மஞ்சள் தடவிய புது வடக்கயிற்றை எடுத்துக் காட்டினார். ப்ரணவ் எவ்வளவோ மன்றாடினான். சாவி பையில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும், இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் ஓடும், ஒரு தடவை ஆஃப் செய்துவிட்டால் அவ்வளவுதான் என்றான். மாமா அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஆஃப் பண்ணினால்தானே, பண்ண மாட்டோம் என்றார். கடைசியில் மாரப்பனே அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு போய், ப்ரணவ் வீட்டுச் சாமி அறையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தான். சாவி அங்கேயே இருந்தது. ப்ரணவ் விமானம் ஏறப் போனான்.

நால்வரில் டிராக்டர் ஓட்டத் தெரிந்தவன் மாரப்பன் மட்டுமே. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் நகரும், மிதித்தால் நிற்கும், அந்த இன்னொன்றை மிதித்தால் பறக்கும் என்று ப்ரணவ் சொல்லிக் கொடுத்திருந்தான். பறக்கிற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. புதிதாகப் பிடித்த உருப்படியை, இடம் பழகும்வரை கையில் பிடித்து நடத்தித்தான் கூட்டிப் போக வேண்டும் என்று மாமா காரின் மூக்கு வளையத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் கார் உறுமிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் டெம்போ வந்தது. அதன் பின்னால் கோயம்புத்தூரே வந்தது.

இப்படிப்பட்ட கார்களை வேகத்துக்காக மட்டுமே நிறுத்திப் பழகிய ஒரு போலீஸ்காரர் கையைத் தூக்கினார். மாமா நின்று வணக்கம் சொன்னார். போலீஸ்காரர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

ஊரெல்லை தாண்டியதும் பெட்ரோல் முள் இறங்கிவிட்டதை மாரப்பன் பார்த்தான். பெட்ரோல் போட வேண்டும். பெட்ரோல் பங்க்கில் 'இன்ஜினை நிறுத்தவும்' என்று எழுதியிருந்தது. ப்ரணவ் நிறுத்தாதே என்று சொல்லியிருந்தான். இரண்டு பேரும் விவரமானவர்கள். இரண்டு பேர் பேச்சையும் கேட்டாக வேண்டும்.

ரோட்டோரத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஆறுச்சாமிக்குத்தான் வழி தோன்றியது. எந்த இன்ஜினை நிறுத்த வேண்டும் என்று போர்டில் எழுதவில்லை. எனவே சக்கரத்துக்குக் கல் வைத்துக் காரை ஓடவிட்டு வெளியே வைத்துவிட்டு, மாரப்பன் டெம்போவை உள்ளே கொண்டுபோய் நிறுத்த, பெட்ரோலை அதில் போட்டார்கள். டெம்போக்காரர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். அது டீசல் வண்டி. ரோட்டுக்கு வந்து நாலு இருமல் இருமிவிட்டு நின்றது. அவர் அதன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவர்தான், பிறகு இவர்களோடு பேசவில்லை. அதை வாங்காதது நல்லதாகப் போயிற்று என்று மாமா மட்டும் சொன்னார்.

மறுநாள் முகூர்த்த நேரத்துக்குச் சரியாக, நடந்தே, வெள்ளைக்கரட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாமாவின் செருப்பு தேய்ந்து மேல்வார் மட்டும் மிச்சமிருந்தது. கார் நிற்கவே இல்லை. முள் எங்கே போயிற்று என்றே மாரப்பனுக்குத் தெரியவில்லை.

ஊர் திரண்டு வந்து பார்த்தது. அந்த உறுமலில் யார் என்ன சொன்னாலும் காதில் விழவில்லை. நிச்சயப் பத்திரிகையை ஒருவர் வாசிக்க எல்லோரும் அவர் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சுகந்தி பட்டுப் புடவையில் வந்து காரைப் பார்த்தாள், மாரப்பனைப் பார்த்தாள், சிரித்தாள். அவன் பொத்தான்களைத் தடவிப் பார்த்துக்கொண்டான். சரியாக இருந்தன.

அவள் ஏறி உட்கார்ந்தாள். மாரப்பன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ராத்திரியெல்லாம் நடந்த கால், லேசாக நொண்டியது. ஒரு கோழி அவர்களைத் தாண்டிப் போயிற்று. பால் கேனோடு சைக்கிளில் வந்தவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தாண்டிப் போனார்.

சுகந்தியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை மாரப்பன் ஓரக்கண்ணால் பார்த்தான். திருப்பூர்க்காரனின் பைக் சத்தம் எங்கோ கேட்பது போல இருந்தது.

"இதுக்கு மேல போகாதுங்களா?" என்றாள்.

"போகும். மாமாதான் போக மாட்டாரு."

"கவுத்தை உட்டுட்டா?"

"மருண்டு ஓடீரும்."

சுகந்தி யோசித்தாள். நன்றாக யோசித்தாள். அவள் நெற்றி சுருங்குவதைப் பார்த்து, எல்லாம் முடிந்தது என்று மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினான். அவள் இறங்கி நேரே மாமாவிடம் போனாள். அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து தன் சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு பட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் தட்டுப் பரிசு வாங்கியவள் அவள். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

மாரப்பன் காலை எடுத்தான். கார் அவள் பின்னால் விரைந்தது. ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். கோழியைத் தாண்டினார்கள், பால்காரரைத் தாண்டினார்கள்.

கோயில் இறக்கத்தில் திரும்பும்போது உறுமல் சட்டென்று நின்றுபோயிற்று. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ஆனால் இன்ஜின் நின்றது சுகந்திக்குத் தெரியாது, காருக்கும் தெரியவில்லை. இறக்கத்தில் அது இன்னும் வேகமாக உருண்டது. அது வேகமாக வரவர அவளும் வேகமாக ஓடினாள். மாரப்பன் காலூன்றிப் பிரேக்கை மிதித்தும் அது மனசில்லாமல்தான் கேட்டது.

"புடிச்சு வா அம்மிணி, புடிச்சு வா" என்று மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி உற்சாகப்படுத்தினார்.

கோயில் வாசலில் காயப்போட்டிருந்த மக்காச்சோளக் குவியலில் கார் போய்ப் புதைந்து நின்றது. சுகந்தி குவியலுக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்கினாள். கொண்டை அவிழ்ந்திருந்தது, முகமெல்லாம் வியர்த்திருந்தது, கையில் கயிறு இன்னும் இருந்தது. மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்தான்.

அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வேகமா நான் கார்ல போனதே இல்லீங்க" என்றாள். "அதுவும் சத்தமே இல்லாம."